கற்பிட்டிக் கரையில் கலையும் பேயும்

மேற்கே பெருங்கடலையும் கிழக்கே புத்தளம் களப்பையும் வைத்துக்கொண்டு வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் கற்பிட்டிக் குடாநாட்டிலே, சோளகம் எழுந்தால் தோணிகளைக் கரையேற்றிவிட்டுக் காற்றுத் தணியக் காத்திருக்கும் மீனவர் ஊரான கண்டக்குழியிலிருந்து தெற்கே புறப்படுகிற ஒரு யாத்திரிகன், முதலில் தலவில் புனித அன்னம்மாள் கோயிலையும், பின்னர் ஆடித் தீமிதிப்புக்குப் பேர்பெற்ற உடப்புத் திரௌபதை அம்மன் கோயிலையும், அப்பால் சிலாபத்தை அடுத்த முன்னேசுவரத்தையும் காண்பான். சமயம் எதுவாயினும், சித்தம் கலங்கியவரை இத்தகைய ஸ்தலங்களுக்கு அழைத்துச் செல்வதே இப்பக்கத்து மக்களின் பழைய வழக்கம். முஸ்லிம் வீடுகளில் லெப்பையைக் கூப்பிட்டுத் தண்ணீர் ஓதிக் கொடுப்பார்கள். கத்தோலிக்கர் நவநாள் செய்வார்கள். சைவர் பூசாரியிடம் போவார்கள். ஒரு வாசலில் குணமாகாதபோது அடுத்த வாசலுக்குப் போக யாரும் கூச்சப்பட்டதில்லை.

பூசாரியின் வைத்தியம் கவனிக்கத்தக்கது. உடுக்கு அதிர, வேப்பிலையால் தலைமுதல் கால்வரை தடவி, “ஆர் நீ? உனக்கு என்ன வேணும்?” என்று அவர் கேட்கும்போது, அதுவரை மாமியார் முன் தலைநிமிர்ந்து பேசி அறியாத மருமகளின் வாய், செத்துப்போன யாரோ ஒரு கிழவனின் அதட்டலோடு, தன்னைக் கவனிக்க ஒருவரும் இல்லையென்று முறையிடும், வீட்டார் கைகட்டி நின்று கேட்பார்கள். மஞ்சள் தண்ணீர் முகத்தில் விழுந்ததும் அவள் விழித்து, “ஏன் எல்லாரும் இங்கே நிக்கிறீங்க?” என்பாள். சொன்னதொன்றும் அவளுக்கு நினைவிராது, கேட்டவர்களுக்கு மறக்காது. அந்த முறையின் பலம் பாதிக்கு மேல் இங்கேதான் இருந்தது என்பது என் துணிபு.

இவ்வழக்கத்தின் பழமைக்குச் சங்கப் பாடல்களே சாட்சி. மகளின் மெலிவு முருகனால் வந்தது என்று எண்ணிய தாய், வேலனை அழைத்து வெறியாட்டு நிகழ்த்துவாள்; நோய் காதலென்பதைத் தோழி ஒருத்தியே அறிவாள். நோயைத் தவறாகக் கணித்த வைத்தியரைப் பற்றிய சிரிப்பு நம் இலக்கியத்தில் அன்றே தொடங்கிவிட்டது.

மேற்றிசையில் இத்தகைய ஆவேசநிலையை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் பியேர் ஜானே. லெ ஹாவ்ர் என்னும் துறைமுகப் பட்டினத்தில் தத்துவ ஆசிரியராயிருந்தபடியே அங்குள்ள வைத்தியசாலை நோயாளரைக் கவனித்துவந்த அவர், தாங்கவொண்ணாத அனுபவம் நேரும்போது நினைவும் தன்னுணர்வும் உடலசைவும் தம்முள் கொண்டிருந்த பிணைப்பு அறுந்து, ஒரு பகுதி பிரக்ஞையின் மற்றப் பகுதி அறியாமலே தனித்து இயங்கக்கூடும் என்று 1889 இல் வெளியிட்ட நூலிலே எடுத்துக்காட்டினார். இன்று விலகல் கோளாறு என வழங்கும் நோய்களைப் பற்றிய எண்ணம் பெரும்பாலும் அங்கிருந்து வளர்ந்ததே. உலக சுகாதார ஸ்தாபனத்தின் பட்டியலில் ஆவேசநிலையும் இவற்றுள் ஒன்றாக இடம்பெறுகிறது. ஆனால் விரும்பாமலே வந்து, சமயாசாரத்துக்குப் புறம்பாய் நின்று, வாழ்வைக் குலைத்தால்தான் அது நோய் எனப்படும். விரதமிருந்து, திருவிழா நாளில், சந்நிதியில் ஆடி அடங்குபவருக்குக் ‘கலை வந்தது’ என்றும், அடுப்படியில் காரணமின்றி விழுந்து அலறுபவளுக்குப் ‘பேய் பிடித்தது’ என்றும் நம் மக்கள் பிரித்துச் சொன்னதும் ஏறக்குறைய இதே எல்லைக்கோடுதான்.

பேதம் சிகிச்சையில் வருகிறது. வைத்தியர் முதலில் காக்கை வலிப்பு முதலிய மூளைநோய் இல்லையென்று நிச்சயித்துக்கொள்வார். விலகலுக்கென்று தனி மருந்து கிடையாது. உடன் வரும் மனச்சோர்வுக்கே மாத்திரை. நோயாளிக்கு அபயமும் நிதானமும் உண்டாக்கி, பின்னரே பழைய துயரத்தை மெல்லப் பேசவைத்து, சிதறியதை ஒன்றுசேர்க்கும் படிமுறையும் ஜானே வகுத்ததுதான். பூசாரி ஒரே இரவில் பேயை ஓட்ட முயன்றார். இங்கே மாதங்கள், சிலவேளை வருஷங்கள் செல்லும்.

அந்த ஒரே இரவின் அவசரத்தில் பிரம்பும் சங்கிலியும் புகுந்ததை மறைப்பதற்கில்லை. மன்னார் வளைகுடாவின் எதிர்க்கரையிலுள்ள ஏர்வாடியில், தர்காவை அண்டி நடந்த தனியார் காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பற்றியபோது, சங்கிலியிற் பிணைக்கப்பட்டிருந்த நோயாளர் ஓட முடியாமல் கருகினர்; மாண்டவர் 28 பேர்.

இக்கரைக்கும் தாங்கவொண்ணாத அனுபவம் புதிதன்று. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட சுமார் 75,000 முஸ்லிம்களுள் பெரும்பாலோர் புத்தளத்திலும் கற்பிட்டியிலுந்தான் ஓலைக்கொட்டில் போட்டுத் தங்கினார்கள். அத்தகைய துயரத்தைச் சுமப்பவர் கோயிலுக்கோ பள்ளிக்கோ போவதை நான் தடுக்கமாட்டேன், வைத்தியரிடமும் போகட்டும். அங்கொடை மனநோய் வைத்தியசாலை திறக்கப்பட்டது 1926 இல். இன்று தேசிய மனநல நிறுவகமாய் விளங்கும் அதனைத் தொலைபேசியில் அழைக்கும் இலக்கமும் 1926.