கணக்கில் வராத மரம்: ஜான் ஹெட்ஜஸும் கடலின் கரிமப் பொருளும்

ஆறுகள் ஆண்டுதோறும் ஏறத்தாழ 25 கோடி டன் கார்பனைக் கரைந்த கரிமப் பொருளாகவும், 15 கோடி டன்னைத் துகள்களாகவும் கடலில் சேர்க்கின்றன. கடல்நீரில் கரைந்து கிடக்கும் கரிமக் கார்பனின் மொத்த இருப்பு சுமார் 68,000 கோடி டன். வகுத்துப் பார்த்தால், ஆறுகள் கரைத்துக் கொண்டுவருவது மட்டுமே இந்த இருப்பு முழுவதையும் மூவாயிரம் ஆண்டுகளுக்குள் நிரப்பிவிடும். ஆழ்கடல் கரிமப் பொருளின் கதிரியக்கக் கார்பன் வயதோ 4,000 முதல் 6,000 ஆண்டுகள். அப்படியானால் கடல்நீரில் காட்டின் சுவடு எங்கும் தென்பட வேண்டும். ஆனால் கார்பன்-13 விகிதத்தை அளந்தால், கடல்நீரின் கரிமப் பொருள் பெரும்பாலும் கடலிலேயே பிறந்தது என்றே தெரிகிறது. நிலத்திலிருந்து வந்தது எங்கே போனது?

இந்த முரணை அளந்து பார்க்கக்கூடிய கேள்வியாக மாற்றியவர் சியாட்டில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கடல் வேதியியலாளர் ஜான் ஹெட்ஜஸ். 2002இல் அவர் மறைந்தபோது கேள்வி தீர்ந்திருக்கவில்லை. ஆயினும் அதை எங்கெங்கே தேட வேண்டும் என்பது ஓரளவு தெளிவாகியிருந்தது.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1970களின் நடுவில் அவர் முடித்த முனைவர் பட்ட ஆய்வு மெலனாய்டின்களைப் பற்றியது. சர்க்கரையும் அமினோ அமிலமும் வினைபுரிந்து உருவாகும் பழுப்பு நிறப் பொருள்கள் அவை. களிமண் கனிமங்களோடு அவை எப்படி ஒட்டுகின்றன என்பதை அந்த ஆய்வு சோதித்தது. முடிவுகள் 1978இல் வெளியாயின. களிமண் அவரை விட்டுவிடவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு வேறொரு வாசலில் திரும்ப வந்தது.

இடைப்பட்ட காலத்தில் அவர் கையில் எடுத்தது லிக்னின். மரத்தை விறைப்பாக நிறுத்தும் இந்தப் பெருமூலக்கூறைக் கடல் பாசிகளும் மிதவையுயிரிகளும் உருவாக்குவதில்லை. எனவே கடலடி வண்டலில் லிக்னின் இருந்தால் அது நிலத்திலிருந்து வந்ததாகவே கொள்ளலாம். காரக் கரைசலில் காப்பர் ஆக்சைடோடு சேர்த்து ஏறக்குறைய 170 பாகை வெப்பத்தில் மூன்று மணி நேரம் வைத்தால் லிக்னின் சிறு ஃபீனால்களாக உடைகிறது. வாயு நிறப்பிரிகையால் அவற்றைப் பிரித்து அளக்கலாம். வினை பழையது, மர வேதியியலார் நன்கறிந்தது. ஹெட்ஜஸ் அதைப் புவிவேதியியலுக்கு உரிய அளவுகோலாகச் சீர்ப்படுத்தினார். 1982இல் ஜான் எர்டலோடு எழுதிய முறையியல் கட்டுரை இன்றும் ஆய்வகங்களில் புழங்குகிறது. ஊசியிலை மரங்கள் வனிலில் வகை ஃபீனால்களையே தருகின்றன, பூக்கும் தாவரங்கள் சிரிஞ்சில் வகையையும் சேர்த்துத் தருகின்றன, இலையும் புல்லும் சின்னமில் வகையால் வெளிப்படுகின்றன. இந்த விகிதங்களைக் கொண்டு ஒரு கிண்ணம் சேற்றிலிருந்து எத்தகைய தாவரம் அங்கே வந்து சேர்ந்தது என்று சொல்ல முடிந்தது. அமிலத்துக்கும் ஆல்டிஹைடுக்கும் உள்ள விகிதம் பூஞ்சை அதை எவ்வளவு தின்றது என்பதையும் காட்டிக்கொடுத்தது.

1982இல் தொடங்கிய அமேசான் ஆய்வுத் திட்டத்தில் ஜெஃப்ரி ரிச்சி முதலியோரோடு அவர் இணைந்தார். பருமனான துகள்கள் பெரும்பாலும் மரத்தின் இலைக்கழிவு. நுண்துகள்கள் மண்ணில் ஊறி, நைட்ரஜன் மிகுந்து, கனிமங்களோடு ஒட்டியவை. ஒரே ஆற்றில் இரண்டு வேறு வரலாறுகள் ஓடின. 1986இல் பசிபிக் பெருங்கடலின் கரைந்த ஹியூமிக் பொருளிலும் லிக்னினின் சுவடு கிடைத்தது. ஆக, நிலத்துப் பொருள் நடுக்கடலை எட்டுகிறது. ஆனால் மிகச் சிறிதளவே.

இந்தக் கணக்குகளுக்கெல்லாம் அடித்தளமான எண்ணே ஆட்டம் கண்ட காலமும் ஒன்று உண்டு. 1988இல் ஜப்பானின் சுகிமுராவும் சுசுகியும் உயர்வெப்ப வினையூக்கி முறையில் அளந்து, கடல்நீரின் கரிமக் கார்பன் அதுவரை நம்பியதைவிடப் பல மடங்கு என்று அறிவித்தார்கள். உண்மையானால் பாடநூல்களைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும். பலர் ஆர்வத்தோடு அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். 1991இல் சியாட்டிலில் கூடிய பயிலரங்குக்கு முன்னோடியாக, ஒரே நீர் மாதிரிகள் பல ஆய்வகங்களுக்கு அனுப்பப்பட்டன. வந்த விடைகள் ஆளுக்கொன்றாகச் சிதறின. கருவியும் வினையூக்கியும் தாமே தரும் வெற்று அளவை ஒழுங்காகக் கழிக்காததே குழப்பத்தின் பெரும்பகுதி என்பதை ரொனால்ட் பென்னர் முதலியோர் காட்டினார்கள். ஹெட்ஜஸும் சிண்டி லீயும் பதிப்பித்த 1993ஆம் ஆண்டுத் தொகுப்பில் சுசுகியே தம் முந்தைய அளவுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அறிவியலில் இப்படிப்பட்ட நேர்மையைக் காண்பது அரிது. என் மதிப்பீட்டில் ஹெட்ஜஸின் பங்களிப்புகளில் மிகக் குறைவாகப் பேசப்படுவது இதுதான். புதிய கண்டுபிடிப்பு எதுவும் இதில் இல்லை; ஒரு துறை தன் தராசைச் சரிபார்த்துக்கொண்டது, அவ்வளவே. பின்னாளில் எல்லா ஆய்வகங்களுக்கும் பொதுவான சான்று மாதிரிநீரை விநியோகிக்கும் வழக்கம் ஏற்பட்டதும் இந்த அனுபவத்தின் தொடர்ச்சியே.

தொண்ணூறுகளில் களிமண் திரும்பியது. 1994இல் ரிச்சர்ட் கீலோடு சேர்ந்து செய்த ஆய்வு, வண்டலில் தப்பிப் பிழைக்கும் கரிமப் பொருளில் கணிசமானது உள்ளபடியே எளிதில் சிதையக்கூடியது என்று காட்டியது. கனிமப் பரப்பிலிருந்து அதைப் பிரித்தெடுத்ததும் நுண்ணுயிரிகள் விரைவில் தின்றுவிட்டன. அதைக் காத்தது கனிமத்தோடு இருந்த ஒட்டுதல். அடுத்த ஆண்டு இருவரும் எழுதிய நெடுங்கட்டுரை உலகக் கணக்கைத் தொகுத்தது: ஆண்டுக்கு ஏறத்தாழ 16 கோடி டன் கார்பன் கடலடியில் புதைகிறது, அதில் பெரும்பங்கு டெல்டாக்களிலும் கண்டத்திட்டுகளிலும். மொத்த உற்பத்தியில் இது அரை சதவீதத்துக்கும் குறைவு. வண்டல் எவ்வளவு காலம் ஆக்சிஜனுக்கு வெளிப்பட்டிருக்கிறது என்பதும் புதைவைத் தீர்மானிக்கிறது என்று பின்னர் வாஷிங்டன் கரையோரச் சான்றுகளோடு அவரும் சகாக்களும் வாதிட்டார்கள். டெல்டாவை விட்டு வெளியேறிய துகள் ஆக்சிஜனுள்ள கடலடியில் நீண்ட காலம் அலைந்தால், களிமண்ணின் பாதுகாப்பும் போதாது.

1997இல் கீல், பென்னர் இருவரோடும் எழுதிய கட்டுரை, நிலத்துக் கரிமப் பொருள் கடலில் என்ன ஆகிறது என்ற கேள்வியையே தலைப்பாக்கிக்கொண்டது. அதே ஆண்டில் ஸ்டீபன் ஆப்சாலும் பென்னரும் கரைந்த லிக்னினைப் பெருங்கடல்களில் அளந்தார்கள். ஆற்று வரத்து மிகுந்த அட்லாண்டிக்கில் அதிகமாகவும் பசிபிக்கில் குறைவாகவும் இருந்தது. நிலத்துப் பொருள் கடலில் தங்கும் காலம் சில பத்தாண்டுகளிலிருந்து நூற்றுச் சொச்சம் ஆண்டுகள் வரைதான். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மாறாது கிடக்கும் ஆழ்கடல் கிடங்கின் பெரும்பகுதி இதுவல்ல என்பது உறுதியாயிற்று.

கீலும் ரிச்சியும் இடம்பெற்ற குழு ஒன்று 2013இல் வெளியிட்ட அமேசான் ஆய்வு, தேடல் கடலைத் தொடுவதற்கு முன்பே தொடங்க வேண்டும் என்று சொன்னது. சிதையாது என்று கருதப்பட்ட லிக்னினை ஆற்றின் நுண்ணுயிரிகள் நாள்களிலும் வாரங்களிலும் உடைத்து, கார்பன் டை ஆக்சைடாக வளிமண்டலத்துக்கு அனுப்பிவிடுகின்றன. முகத்துவாரத்தை எட்டிய பங்கு வெயிலிலும் ஆக்சிஜனிலும் எந்தெந்த விகிதத்தில் கரைகிறது என்ற கணக்கு மட்டும் ஆற்றுக்கு ஆறு வேறுபடுகிறது.