அலிகேட்ஸ் இசைக்குழு: பினாங்குத் தமிழர் வரலாற்றில் விடுபட்ட ஒரு பக்கம்

முன்னுரை

மலேசியத் தமிழர் வரலாறு பெரும்பாலும் தோட்டம், கோயில், தமிழ்ப்பள்ளி, இதழியல் ஆகியவற்றை மையமாகக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. பிற மொழியில் கலை படைத்த தமிழர்க்கு அதில் உரிய இடம் கிட்டவில்லை. பினாங்கில் தோன்றிய அலிகேட்ஸ் இசைக்குழுவை முன்வைத்து இக்குறையைச் சுட்ட இக்கட்டுரையில் முற்படுகிறோம்.

பினாங்கின் குழுப்பாடல் மரபு

தமிழ் வழியினர் மலாய் மொழியில் பாடுவது பினாங்கிற்குப் புதிதன்று. முஹர்ரம் மாதத்தில் குழுக்கள் பாடிவந்த 'போரியா'வில் இந்திய முஸ்லிம் வழிவந்தோர்க்குப் பெரும்பங்கு உண்டு. 'துக்காங் காராங்' எனப்படும் தலைமைப் பாடகர் அடிகளைப் புனைந்து பாட, குழுவினர் பின்பாட்டுப் பாடுவர். அலிகேட்ஸ் இம்மரபினின்று நேரே கிளைத்தது என நாம் கூறவில்லை. இரண்டும் ஒரே துறைமுக நகரின் பன்மொழிச் சூழலில் விளைந்தவை என்பதே நம் கருத்து.

தோற்றமும் வளர்ச்சியும்

1960களின் இறுதியில் பினாங்கில் உருவான இக்குழுவின் முகமாக விளங்கியோர் லோகநாதன் ஆறுமுகம், டேவிட் ஆறுமுகம் என்னும் தமிழ்ச் சகோதரர் இருவர். அடர்ந்து சுருண்ட தலைமுடியே இவர்களின் அடையாளமாயிற்று. தொடக்கத்தில் ஆங்கிலப் பாடல்களைப் பாடிய குழுவினர், 1970களில் ஹாங்காங் சென்றும் நிகழ்ச்சிகள் நடத்தினர். அப்பத்தாண்டின் இறுதியில் மலாய் இசைத்தட்டுகளின்வழி நாடறிந்தவராயினர். இசையமைப்பாளர் எம். நாசிர், பாடலாசிரியர் எஸ். அமின் ஷஹாப் ஆகியோரின் பங்களிப்பு இவ்வளர்ச்சிக்குத் துணைநின்றது. பினாங்குக் குழு பாடிய 'செஞ்யும்லா கோலாலம்பூர்' தலைநகரின் பாடலாகவே நிலைபெற்றது.

மாற்றமும் தொடர்ச்சியும்

பல இனத்தவர் இக்குழுவில் சேர்ந்தனர், விலகினர். ஒப்பந்தத்தை நம்பி ஊர்விட்டு ஊர் செல்லும் குழுக்களில் இஃது இயல்பே. கருவி வாசிப்போர் மாறினும் சகோதரர்களின் குரல்கள் மாறவில்லை. ஆகவே, குழுவின் தொடர்ச்சி உறுப்பினர் பட்டியலில் அன்று, குடும்ப உறவிலேயே அமைந்திருந்தது எனலாம். 2007 ஜூன் 4இல் லோகநாதன் புற்றுநோயால் மறைந்தபோது அத்தொடர்ச்சியே கேள்விக்குள்ளாயிற்று. எனினும், டத்தோ டேவிட் ஆறுமுகம் அதே பெயரில் குழுவைத் தொடர்ந்து நடத்தினார்.

முடிவுரை

மொழியை மட்டுமே அளவுகோலாகக் கொண்டால் அலிகேட்ஸ் தமிழர் வரலாற்றினுள் அடங்காது. ஆனால், மலாய் இல்லங்களில் லோகநாதன் என்னும் தமிழ்ப்பெயர் அன்புடன் ஒலித்தமையை எவ்வரலாற்றில் சேர்ப்பது? 2008இல் ஜோர்ஜ் டவுன் உலகப் பாரம்பரியத் தகுதி பெற்றபின் அதன் கட்டடங்களைக் காக்க முனைந்தோம். அந்நகர் ஈன்ற குரல்களுக்கும் அத்தகைய கவனம் வேண்டும். இசைத்தட்டுகள் பாடியோரைக் காட்டும்; வந்துபோன கலைஞரின் வாழ்வைக் காட்டா. அவர்தம் வாய்மொழிச் சான்றுகளைத் திரட்டுதல் தமிழாய்வுத் துறைகளின் கடமையாகும்.