ஸ்டாக்டன் நகரில் இந்தியர் குடியேற்றம்

வேற்றுநாட்டு நகரொன்றிற் குடியேறுவோர் முதற்கண் தொழில் தேடுவர்; பின்னர் வீடு அமைப்பர்; வாழ்வு நிலைபெற்ற பின்னரே வழிபாட்டிடம் எழுப்புவர் என்பது பலரும் கொண்டுள்ள கருத்து. 1965ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்திற்குப் பின் அமெரிக்கா சென்ற மருத்துவர், பொறியாளர் வரலாற்றிற்கு இது பெரிதும் பொருந்தும். நியூயார்க் நகரின் ஃபிளஷிங் பகுதிப் பிள்ளையார் கோயில் 1977இல் குடமுழுக்குப் பெற்றமை அதற்குச் சான்று. ஆயின், அவர்க்கு அறுபதாண்டு முற்பட்டுச் சென்ற பஞ்சாபியர் வரலாறு இம்முறையில் அமைந்திலது. கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரில் வழிபாட்டிடமே முதலில் எழுந்தது. சொந்த வீடு பின்னரும் பலர்க்கு எட்டாப் பொருளாகவே இருந்தது. இதன் காரணத்தை ஈண்டு ஆராய்வோம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பசிபிக் கரையை அடைந்த இந்தியருட் பெரும்பாலார் பஞ்சாப் உழவர். அவருள்ளும் சீக்கியரே மிகுதி. (அமெரிக்கச் செய்தித்தாள்கள் அனைவரையும் 'இந்துக்கள்' என்றே எழுதின. அப்பிழையை வரலாறு எழுதுவோர் தொடர்தல் வேண்டா.) மரம் அறுக்கும் ஆலைகளிலும் இருப்புப்பாதைப் பணியிலும் அவர்கள் உழைத்தனர். 1907 செப்டம்பர் 4ஆம் நாள் வாஷிங்டன் மாநிலத்துப் பெல்லிங்காம் நகரில் வெள்ளையர் கூட்டம் அவர்களைத் தாக்கி ஊரைவிட்டே துரத்திற்று. கலிபோர்னியாவை அடைந்தோர்க்கு, ஸ்டாக்டனைச் சூழ்ந்த சான் வாக்கீன் ஆற்றுச் சதுப்புநிலத்தில் உருளைக்கிழங்கு பயிரிடும் வேலை கிடைத்தது. பயிர்தோறும் இடம் பெயர்ந்து, பண்ணைக் கொட்டகைகளில் தங்கினர்.

1912இல் பசிபிக் கரைக் கால்சா திவான் சங்கம் ஸ்டாக்டனில் ஒரு குருத்துவாரத்தை நிறுவிற்று. ஜவாலா சிங், வசாகா சிங் என்போர் முன்னின்றனர். முதலில் மரக்கட்டடம், 1929இல் செங்கற்கட்டடம். கதர் இயக்க வரலாறு எழுதுவோர் இதனை அரசியற் களமாகவே காட்டுவர். 1913இல் தோன்றிய அவ்வியக்கத்திற்கு இது துணைநின்றது உண்மையே. எனினும், அதன் அடுக்களையும் தங்குமிடமும் மேடையினும் சிறியன அல்ல என்பது நம் கருத்து. வழிவந்த எவர்க்கும் உண்டியும் உறையுளும் கிடைத்தன. நம் நாட்டுச் சத்திரமும் கோயிலும் ஒன்றானாற்போன்ற அமைப்பு அது.

வீடு எழாமைக்குச் சட்டமே காரணம். குடியுரிமை பெறத் தகுதியற்ற அயலார் வேளாண் நிலம் உடைமையாகக் கொள்ளலாகாது எனக் கலிபோர்னியா 1913இல் விதித்தது. இந்தியர் அத்தகுதி உடையரல்லர் என 1923இல் பகத் சிங் திண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. 1917ஆம் ஆண்டுச் சட்டமோ இந்தியாவினின்று வருவோர்க்கு வாயிலை அடைத்தது. ஆகவே மனைவியரையும் மக்களையும் அழைத்துக்கொள்ள இயலவில்லை. நிலமும் இன்றி இல்லாளும் இன்றி இல்லம் எங்ஙனம் அமையும்? தனியொருவர் பெயரில் நிலையாதது சங்கத்தின் பெயரில் நிலைத்தது.

இந்நிலை எத்துணைக் காலம் நீடித்தது என்பதற்கு ஒருவர் வாழ்க்கை சான்றாகும். 1920இல் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்திற்குப் பயில வந்த தலீப் சிங் சவுந்த், ஸ்டாக்டன் குருத்துவாரத்தார் அங்கு நடத்திய மாணவர் விடுதியில் தங்கினார். 1924இல் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றும் உழவே அவர்க்குத் தொழிலாயிற்று. இந்தியர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 1946இல் பிறக்க, 1949இல் அவர் குடிமகனானார். 1950இல் நீதிபதிப் பதவிக்குத் தேர்தலில் வென்றார். குடிமகனாகி ஓராண்டு நிரம்பவில்லை என அவ்வெற்றி செல்லாதாயிற்று. அப்போது அவர் அந்நாட்டில் வாழத் தொடங்கி முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. 1952இல் மீண்டும் நின்று வென்றார்.