வேதனைக்கு வகுத்த வரம்பு

மருத்துவரின் கவனக்குறைவால் ஒருவர் உறுப்பிழந்தால், அத்துன்பத்தை எப்பணத்தால் அளப்பது? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1975-ஆம் ஆண்டில் இவ்வினாவுக்கு ஓர் எண்ணையே விடையாக வகுத்தது.

மருத்துவர்கள் வழக்குகளுக்கு அஞ்சிச் செய்துகொள்ளும் காப்பீட்டின் கட்டணம் அந்நாளில் தாங்கொணாதபடி உயர்ந்தது. பலர் பணிநிறுத்தமும் செய்தனர். ஆளுநர் ஜெர்ரி பிரவுன் சட்டமன்றத்தின் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டினார். அங்கே பிறந்த சட்டம், சிகிச்சைச் செலவுக்கும் இழந்த ஊதியத்துக்கும் வரம்பு கட்டவில்லை. வலிக்கும் மனவேதனைக்கும் மட்டும் 2,50,000 டாலருக்கு மேல் வழங்கலாகாது என்றது.

விலைவாசி ஆண்டுதோறும் ஏறிற்று; அந்த எண்ணோ அசையவில்லை. டாலரின் மதிப்புக் குறையக் குறைய இழப்பீடும் தேய்ந்தது. ஊதியம் ஈட்டாத முதியோரும் இல்லத்தரசியரும் இழந்த வருவாய் என்று காட்டுவதற்கு அதிகமில்லை. ஆதலின் அவ்வரம்பு அவர்களையே மிகுதியாக அழுத்திற்று.

47 ஆண்டுகள் கழிந்தபின், 2022-இல் சட்டம் திருத்தப்பட்டது. 2023-இல் வரம்பு 3,50,000 டாலராயிற்று. உயிரிழப்பு நேரின் 5,00,000. பத்தாண்டுகளில் இவை முறையே 7,50,000, 10,00,000 டாலராகப் படிப்படியாக உயரும். அதன்பின் ஆண்டுதோறும் 2 சதவீதம் கூடும்.

மருத்துவரைக் காப்பதும் நோயாளிக்கு நீதி வழங்குவதும் ஒருங்கே வேண்டும். அதற்கு வரம்பு வகுப்போர், காலம் செய்யும் மாற்றத்தையும் கணக்கிற்கொள்ளல் வேண்டும்.