முகமூடிக்கு விலை போடுவது எப்படி?

ஒரு பொருளுக்கு விலை எப்படி அமைகிறது என்று வணிகவியல் மாணவனைக் கேட்டால் "தேவை, அளிப்பு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவான். மேற்கு ஆப்பிரிக்கச் சடங்கு முகமூடிகளிடம் அந்தப் பதில் மட்டும் போதாது நண்பர்களே!

மர முகமூடி என்றால் விவரம் தெரிந்தவர்கள் அதைத் திருப்பி உள்பக்கத்தைப் பார்ப்பார்கள். ஆடியவரின் வியர்வை பட்டுக் கறுத்திருக்கிறதா? நெற்றியும் மூக்கும் உரசிய இடம் வழவழப்பாகியிருக்கிறதா? கயிறு கட்டும் துளைகள் தேய்ந்திருக்கின்றனவா? ஆனால் சுற்றுலாப் பயணிகளுக்காகப் புதிதாகச் செதுக்கி, பழசு போலக் காட்டுகிற சரக்கும் சந்தையில் நிறைய. அதனால் விலையைத் தீர்மானிக்கும் பெரிய கேள்வி இதுதான்: இது யார் யார் கைமாறி வந்தது?

அந்தக் கேள்வி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஓர் உதாரணம்.

இன்றைய நைஜீரியாவில் இருந்தது பெனின் அரசு. அங்கே 16ஆம் நூற்றாண்டில் தந்தத்தில் சில முகமூடிகள் செதுக்கப்பட்டன. மன்னர் எசிகியின் தாய் இடியாவின் முகம் என்று சொல்கிறார்கள். முகத்தில் மாட்டுவதல்ல, சடங்கின்போது மன்னர் பதக்கம் போல அணிவது. உயரம் சுமார் 24 செ.மீ. பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒன்று, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் ஒன்று இருக்கின்றன. இரண்டிலும் தலை உச்சியில் தாடி வைத்த போர்ச்சுகீசியர் முகங்கள் வரிசையாக இருக்கும்.

1897 பிப்ரவரியில் பிரிட்டிஷ் படை பெனின் நகரைப் பிடித்தது. அரண்மனைப் பொருட்கள் ஆயிரக்கணக்கில் அள்ளப்பட்டன. மன்னர் ஓவொன்ராம்வென் கலபாருக்கு நாடு கடத்தப்பட்டார். 1977இல் லாகோஸில் நடந்த ஆப்பிரிக்கக் கலை விழாவுக்கு இடியா முகம்தான் சின்னம். அதற்காக நைஜீரியா கேட்டும் பிரிட்டிஷ் மியூசியம் முகமூடியை அனுப்பவில்லை.

2010 டிசம்பரில் இதே வகை முகமூடி ஒன்றை ஏலம் விடப்போவதாக சதபீஸ் நிறுவனம் அறிவித்தது. மதிப்பீடு 35 முதல் 45 லட்சம் பவுண்டு. குறைந்தபட்சத் தொகையே அன்றைய கணக்கில் 25 கோடி ரூபாய்க்குப் பக்கம்! விற்க முன்வந்தவர்கள், 1897 படையெடுப்பில் பங்கேற்ற அதிகாரி கால்வேயின் வாரிசுகள். பொருள் அசல் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. கொள்ளைப் பொருள் என்பதற்கும் அதுவேதான் சான்று! எதிர்ப்பு கிளம்பியது, சில நாட்களிலேயே ஏலம் கைவிடப்பட்டது.

விற்ற விலையில் அடக்க விலையைக் கழித்தால் லாபம் என்று படிக்கிறோம். இந்தக் கணக்கில் 1897இல் பெனினுக்குக் கொடுத்த அடக்க விலை பூஜ்யம். அந்த வரியை நிரப்பாமல் எந்த மதிப்பீடும் முழுமையாகாது என்பதே என் கருத்து.