சுண்டெலியின் பதற்றத்தை அளத்தல்: கூட்டல்குறி மேடைச் சோதனையின் வரலாறு

பதற்றம் தணிக்கும் மருந்தை மனிதருக்குத் தருமுன் எலியிடமும் சுண்டெலியிடமும் சோதித்துப் பார்ப்பது வழக்கம். தன் நிலையைச் சொல்ல முடியாத உயிரின் நடமாட்டத்தை வைத்தே ஆய்வாளர் முடிவுகட்ட வேண்டியிருக்கிறது. அந்த முடிவை எந்த அளவுக்கு நம்பலாம்?

1934இல் கால்வின் ஹால், எலிகளைத் திறந்த வட்டக் களத்தில் விட்டு, அவை போடும் புழுக்கையையும் சிறுநீரையும் அச்சத்தின் அளவாகக் கொண்டார். சுவருள்ள பாதை, சுவரில்லாத பாதை இரண்டில் எலி எதை நாடுகிறது என்று 1955இல் மான்ட்கோமரி பார்த்தார். அதிலிருந்து கிளைத்ததே 1984இல் ஹேண்ட்லியும் மித்தானியும் அமைத்த கூட்டல்குறி மேடை. தரைக்கு மேலே நான்கு கைகள். இரண்டுக்குச் சுவர் உண்டு, இரண்டுக்கு இல்லை. எலியை நடுவில் விட்டு ஐந்து நிமிடம் கவனிப்பார்கள். 1985இல் பெல்லோ, ஃபைல் முதலியோர் எலிகளிலும், 1987இல் லிஸ்டர் சுண்டெலிகளிலும் இதைச் சரிபார்த்தனர். டயஸெபாம் போன்ற பதற்றம் தணிக்கும் மருந்து கொடுத்தால் அவை திறந்த கைகளில் கூடுதல் நேரம் உலவின.

சிக்கலும் இங்கேயே இருக்கிறது. சோதனைக்கு நற்சான்று தந்தவை பெரும்பாலும் டயஸெபாம் வகை மருந்துகள். பதற்ற நோயாளிகளுக்குப் பயன்படும் பஸ்பிரோன் இதே மேடையில் ஆய்வுக்கு ஆய்வு வேறுவேறு விடை தந்தது. ஒருமுறை மேடையேறிய எலியிடம் மறுமுறை டயஸெபாமும் எடுபடுவதில்லை. ஆகவே ஒரே விலங்கை முன்னும் பின்னும் சோதித்து ஒப்பிடுவது செல்லாது.

1999இல் கிராப், வால்ஸ்டன், டூடெக் மூவரும் ஆல்பனி, போர்ட்லாந்து, எட்மன்டன் ஆய்வகங்களில் எட்டு மரபு வகைச் சுண்டெலிகளைச் சோதித்தனர். கருவி, வயது, தொடங்கும் நேரம் வரை ஒன்றாக்கியும் மேடைச் சோதனையின் விடை ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறியது. அவர்கள் கூடவே செய்த மது விருப்பச் சோதனையோ மூன்றிலும் ஒத்துப்போனது. மாறுபாட்டுக்கு ஒரு காரணம் கையாளும் விதமாக இருக்கலாம் என்பதை 2010இல் ஹர்ஸ்டும் வெஸ்டும் காட்டினர். வாலைப் பிடித்துத் தூக்கிய சுண்டெலிகளைவிடக் குழாயிலோ குவித்த உள்ளங்கையிலோ எடுத்தவை பதற்றம் குறைந்திருந்தன. எத்தனையோ கட்டுரைகள் இந்த ஒரு விவரத்தையே எழுதாமல் விட்டிருப்பது என்னைக் கவலைப்படுத்துகிறது.

இந்தப் பின்னணியில்தான் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்த்ர சட்டர்ஜி குழு செய்த பணியை நான் உயர்வாக மதிக்கிறேன். மேடை தந்த எண்ணோடு அவர்கள் நின்றுவிடவில்லை. மூளை நரம்பணுவின் கிளைகளையும் அளந்தார்கள். நாளுக்கு இரண்டு மணி நேரம் வீதம் பத்து நாள் அசையவிடாமல் அடைத்த எலிகளில், ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியில் நரம்பணுக் கிளைகள் சுருங்க, அமிக்டலா என்ற பகுதியில் அவை வளர்ந்திருந்ததை 2002இல் வெளியிட்டனர். ஒரே ஒருமுறை இரண்டு மணி நேரம் அடைத்த எலிகள் மறுநாள் மாற்றமின்றி இருந்து, பத்தாம் நாளில் அமிக்டலா நரம்பணுக் கிளைகளில் முட்கள் எனப்படும் சிறு முளைகள் பெருகி மேடையிலும் பதற்றம் காட்டின என்பது 2005ஆம் ஆண்டு முடிவு.

இடையில் 2004இல் வந்த ஆய்வே எனக்கு முக்கியமாகப் படுகிறது. பத்து நாள் அடைத்துவைத்த நெருக்கடி முடிந்து 21 நாள் ஓய்வு கொடுத்தபோது ஹிப்போகாம்பஸ் பழைய நிலைக்குத் திரும்பியது. அமிக்டலாவின் வளர்ச்சி அப்படியே இருந்தது, மேடையில் தெரிந்த பதற்றமும் குறையவில்லை. இவை எலிகளில், ஓர் ஆய்வகத்தில் கிடைத்தவை. சுண்டெலிக்கும் வேறு ஆய்வகங்களுக்கும் அப்படியே பொருந்தும் என்று கொள்ள முடியாது. ஆனால் நடத்தையும் நரம்பணுவும் தனித்தனியாக அளக்கப்பட்டு ஒரே திசையைக் காட்டும்போது, ஐந்து நிமிட எண் தனியாகத் தராத உறுதி அங்கே கிடைக்கிறது.