ஒரே கணக்கு, பல கடிகாரங்கள்

கணினித் திரையின் மூலையில் ஒரு நேரம் தெரிகிறது. கைத்தொலைபேசியிலும் அதே நேரம்தான். உள்ளே இருக்கும் சில்லுகளோ வேறு வேறு. பிறகு எப்படி இரண்டும் ஒத்துப்போகின்றன? லினக்ஸ் இயங்குதளத்தின் வரலாறு இதற்கு நல்ல பதில் சொல்கிறது.

1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுதத் தொடங்கியபோது, அது இன்டெல் 386 கணினிக்கு மட்டுமே உரியதாக இருந்தது. அக்கணினியின் நேரச் சில்லு விநாடிக்கு 100 முறை மணியடிக்கும்படி அமைக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் இயங்குதளத்தின் உட்கருவான கெர்னல் 10 மில்லிவிநாடியைக் கூட்டிக்கொள்ளும். வேலை மும்முரத்தில் ஓர் அடியைத் தவறவிட்டால் கடிகாரம் பின்தங்கிவிடும்!

1995-க்குள் ஆல்ஃபா, ஸ்பார்க், மிப்ஸ் இயந்திரங்களுக்கும் லினக்ஸ் பரவியது. ஆல்ஃபாவில் மணி விநாடிக்கு 1024 முறை அடித்தது. ஆகவே ஒவ்வோர் இயந்திரத்துக்கும் நேரக் கணக்கு தனித்தனியே எழுதப்பட்டது. ஒரு வீட்டின் கூரை ஓட்டையை அடைத்தால் பக்கத்து வீட்டு ஒழுகல் நிற்குமா? ஓர் இயந்திரத்தில் திருத்திய பிழை இன்னொன்றில் அப்படியே இருந்தது.

1993-இல் வந்த பென்டியம் சில்லுக்குள் மிக வேகமாக ஓடும் ஓர் எண்ணி இருந்தது. ஆனால் பின்னாளில் மின்சாரத்தை மிச்சப்படுத்தச் சில்லுகள் வேகத்தைக் குறைத்தபோது, பல மாடல்களில் அந்த எண்ணியும் மெதுவானது. எதை நம்புவது?

ஐபிஎம் நிறுவனத்தின் ஜான் ஸ்டல்ட்ஸ் 2005-இல் ஒட்டாவா லினக்ஸ் மாநாட்டில் ஒரு வழியை முன்வைத்தார். இயந்திரம் எண்ணிக்கையை மட்டும் சொல்லட்டும். அதை நேரமாக மாற்றும் கணக்கைப் பொதுவான ஒரே நிரல் பார்த்துக்கொள்ளட்டும் என்பதே அது. இதில் ஓர் அடி தவறினாலும் எண்ணிக்கை தவறாது. 2006 செப்டம்பரில் வெளிவந்த 2.6.18 பதிப்பில் இந்த முறை இடம்பெற்றது. மற்ற இயந்திரங்கள் அடுத்தடுத்த ஆண்டுகளில் ஒவ்வொன்றாக இதற்கு மாறின.

ஆனால் பொதுக் கிணற்றில் அழுக்கு விழுந்தால் ஊருக்கே பாதிப்பு. 2012 ஜூன் 30-ஆம் நாள் முடிவில் உலக நேரத்தில் ஒரு லீப் விநாடி சேர்க்கப்பட்டது. மலேசியா, சிங்கப்பூரில் அப்போது ஜூலை 1, ஞாயிறு காலை 8 மணி. கெர்னலின் கடிகாரம் ஒரு விநாடி பின்வாங்கியது. அச்செய்தி அதன் அலாரப் பகுதிக்குப் போய்ச் சேரவில்லை. அலாரங்கள் ஓயாமல் அடிக்க, பல நாடுகளில் கணினிகள் திணறின. குவாண்டாஸ் விமானங்கள் தாமதமாயின.

அடுத்த சில வாரங்களில் ஸ்டல்ட்ஸும் சக நிரலாளர்களும் பிழையைச் சரிசெய்தனர். பழைய முறை என்றால் ஒவ்வோர் இயந்திரத்தின் நிரலையும் தேடித் திருத்த வேண்டியிருந்திருக்கும். இப்போதோ ஒரே இடத்தில் திருத்தினால் போதுமானதாக இருந்தது. கணக்கைப் பொதுவாக்கியதால் பிழைக்கு அஞ்ச வேண்டியதில்லை என்று ஆகிவிடாது. ஆனால் அதைத் தேட வேண்டிய இடம் ஒன்றே என்று ஆகிவிட்டது.